குளியலறைக்கு ஒன்றரை ஹெச்பி

பம்ப் செய்கிறவன் வீட்டில் தண்ணீர் சொட்டுச் சொட்டாக வரக்கூடாது என்பது கோயமுத்தூரின் எழுதாத சட்டம். (யார் போட்ட சட்டம் என்று கேட்காதீர்கள். நான் போட்டதுதான்.) கணபதியில் மோட்டார் பம்ப் பட்டறை வைத்திருக்கிற எனக்கு, என் வீட்டு ஷவர் ஜலதோஷம் பிடித்த மூக்குபோல ஒழுகுவது பெரிய மானக்கேடாக இருந்தது. தொட்டி மொட்டை மாடியில், குளியலறை அதற்கு நேர் கீழே. உயரம் போதாது, அதனால் வேகம் இல்லை. புத்தியுள்ளவன் வாளியில் மொண்டு குளித்துவிட்டு வேலையைப் பார்ப்பான். நானும் அப்படித்தான் இருந்தேன், என் மாமனார் கீழே விழும்வரை.

மாமனார் கொடுமுடிக்காரர். தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு தனியாக இருந்தவர், குளியலறைப் படி தடுக்கி விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டார். ஆபரேஷன் முடிந்து வாக்கரைப் பிடித்து நடக்கத் தொடங்கியதும், எங்களோடு வந்து இருக்கச் சொல்லி என் மனைவி சுமதி மன்றாடினாள். ஒரே மகள். மனுஷன் அசையவில்லை. மகள் வீட்டில் சாப்பிடுவதைக்கூடப் பொறுத்துக்கொள்வார், இன்னொருத்தர் கையால் குளிப்பாட்டிக்கொள்வதை மட்டும் அவரால் பொறுக்க முடியாது. ஊரில் பங்காளிகள் தயவில் அந்தக் கொடுமையைத்தான் தினமும் அனுபவித்துக்கொண்டிருந்தார். கடைசியில் ஒருநாள் ஃபோனில் இறங்கி வந்தார்.

"ஒருக்கா வாரேன் கண்ணு. யாரும் தொடாம நானே குளிச்சுப்போட்டு வெளிய வந்துட்டன்னா அங்கயே இருந்துக்கறேன். இல்லீன்னா சாயங்காலமே வண்டி ஏத்தி உட்டுரோணும்."

ஃபோனை வைத்துவிட்டுச் சுமதி என்னைப் பார்த்தாள். அப்பா நம்மோடு இருப்பாரா, கொடுமுடியில் தனியாகக் கிடப்பாரா என்பது ஒரே ஒரு குளியலில் இருந்தது. அவளுக்குப் பயம். எனக்கோ உற்சாகம் தலைக்கேறிவிட்டது. மாப்பிள்ளையின் தொழில் திறமையைக் காட்ட இப்படி ஒரு வாய்ப்பு யாருக்குக் கிடைக்கும்?

சுமதி கேட்டது என்னவோ கொஞ்சம்தான். தடுக்காத வாசல், உட்கார ஒரு திட்டு, பிடித்துக்கொள்ள ஒரு கம்பி, வழுக்காத டைல்ஸ். நான் அதோடு நின்றிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. சரவணம்பட்டியில் ஒரு நண்பனின் ஃபிளாட்டில் வாக்-இன் ஷவர் பார்த்திருந்தேன். படி கிடையாது, ஷவருக்குக் கதவும் கிடையாது, ஒரு கண்ணாடித் தடுப்பு மட்டும். நேராக நடந்து உள்ளே போனால் கூரையிலிருந்து மழை. அதைப் பார்த்த நாளிலிருந்தே கை அரித்துக்கொண்டிருந்தது.

பிளம்பர் சேவியரைக் கூப்பிட்டேன். தங்கமான மனிதர். முடியாது என்ற சொல்லை அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. கூரையில் தாம்பாளம் அகலத்துக்கு ஒரு ஷவர் வைக்கலாமா என்று கேட்டேன். "வெச்சுப்போடலாமுங்ணா" என்றார். சுவரில் நாலு பக்கமும் பீச்சுகிற மாதிரி? அதுவும் வைத்துப்போடலாம். கூடவே கையில் பிடிக்கிற ஹோஸ்? தாராளமாக. என் ஆசைக்கும் பிரேக் இல்லை, அவர் மரியாதைக்கும் பிரேக் இல்லை. வேலை ஜோராக நடந்தது. நிலைப்படியை உடைத்து எடுத்த அன்று நான் அதைப் படம்பிடித்து மாமனாருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அவர் ஒரு கும்பிடு போட்டு அனுப்பினார்.

அடுத்தது பம்ப். அந்தச் சின்ன அறைக்கு அரை ஹெச்பியே அதிகம். அது எனக்குத் தெரியும், அதுதான் என் பிழைப்பு. ஆனால் எங்கள் பக்கத்தில் விருந்தாளி போதும் என்று கையை மறித்த பிறகுதான் பரிமாறவே ஆரம்பிப்போம். மாமனாருக்குப் போய் அளந்து வைப்பதா? பட்டறையிலேயே நல்ல பம்பாகப் பார்த்து, ஒன்றரை ஹெச்பியைத் தூக்கிவந்து, குழாயைத் திறந்தால் தானே ஓடும்படி மொட்டை மாடியில் மாட்டிவிட்டேன். சேவியர் அதைச் சுற்றிவந்து பார்த்தார். கொஞ்சம் பெருசுங்களே என்று அவர் வாய்வரை வந்தது, மரியாதை தடுத்துவிட்டது.

இன்னொன்றையும் சொல்லித்தான் ஆகவேண்டும். சோதிக்காத பம்ப் வெளியே போகக்கூடாது என்று என் பட்டறையில் கொட்டை எழுத்தில் போர்டு தொங்குகிறது. அதைத் தொங்கவிட்டவன், இந்தப் பம்பை மட்டும் சோதிக்கவில்லை. முதல் தண்ணீர் மாமா கையால்தான் விழ வேண்டும் என்று ஒரு சென்டிமென்ட். (என் சென்டிமென்ட்டில் இடி விழ.)

மாமனார் ஞாயிற்றுக்கிழமை வந்தார். தனியாக வரவில்லை. அவருடைய தம்பியும் பங்காளிகள் சிலரும் ஒரு வேனில் கூடவே வந்து இறங்கினார்கள். எல்லோரும் வாய்க்கால் பாசன விவசாயிகள். அவர்களுக்கு ஹாலில் பாய் விரித்து, இலை போட்டு, அரிசிம்பருப்பு சாதம் பரிமாறிக்கொண்டிருந்தோம். மாமனார் மட்டும் குளித்துவிட்டுத்தான் சாப்பிடுவேன் என்றார். வாக்கரைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார், எங்கேயும் தடுக்கவில்லை. திட்டில் உட்கார்ந்தார். எந்தக் குழாய் எதற்கு என்று நான் பெருமையாக விளக்கினேன். கேட்டுக்கொண்டு, "செரிங்க மாப்பிள்ளை, நீங்க வெளிய இருங்க" என்றார். கதவைச் சாத்திவிட்டு வந்து நெய்க்கிண்ணத்தைக் கையில் எடுத்தேன்.

முதலில் மாடியில் பம்ப் உறுமியது. அடுத்து உள்ளே ஏதோ லாரி கவிழ்ந்ததுபோல ஒரு சத்தம். நான் ரசத்துக்குப் போகலாமா என்று யோசிப்பதற்குள், படி இல்லாத அந்த அழகான வாசலின் கீழே இருந்து தண்ணீர் ஹாலுக்குள் வந்துவிட்டது. வடிகால் வாய்க்கு அந்த வேகம் கொஞ்சமும் கட்டுப்படியாகவில்லை.

வேறு யாராக இருந்தாலும் அலறி எழுந்து ஓடியிருப்பார்கள். இவர்கள் தண்ணீர் திறந்துவிட்டால் தூக்கத்திலேயே எழுந்து மம்பட்டியைத் தேடுகிறவர்கள். மாமனாரின் தம்பி எச்சில் கையோடு வேட்டியை மடித்துக் கட்டினார். கால்மிதியைச் சுருட்டி ஒரு வரப்பு, சோபா மெத்தையால் இன்னொரு வரப்பு. "மடையை அந்தப் பக்கம் திருப்புங்கப்பா, சமையக்கட்டுக்குப் போயிரும்" என்று ஒருத்தர் உத்தரவு போட, இன்னொருத்தர் பந்திப்பாயையே மறித்துப் பிடித்தார். என் வீட்டு ஹாலுக்கு முறைப்பாசனம் நடந்தது. தண்ணீர் வீட்டு வாசல் வழியாக வெளியேறி, வெளியே நின்ற தென்னைக்கு நல்ல பாய்ச்சல்.

சுமதிக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை. "அப்பா! அப்பா!" என்று கதவைத் தட்டினாள். உள்ளேயிருந்து ஹோவென்று ஒரு சத்தம்தான் வந்தது. அவள் முகம் வெளுத்துவிட்டது. ஏற்கெனவே ஒடிந்த காலை நானே இன்னொரு முறை ஒடித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். பம்பை நிறுத்தச் சொல்லி அவளை மாடிக்கு விரட்டிவிட்டு, கதவைத் தள்ளி உள்ளே பாய்ந்தேன்.

நாலு சுவரும் சேர்ந்து என்னை அறைந்தன. என் மூக்குக்கண்ணாடி எங்கேயோ பறந்தது. ஹோஸ் கட்டவிழ்ந்த கன்றுக்குட்டிபோலத் துள்ளித் துள்ளி என் முழங்காலில் முட்டியது. வழுக்காத டைல்ஸ் என்றுதான் கேட்டு வாங்கினேன். ஷாம்பு பாட்டில் கவிழ்ந்து கிடந்தால் எந்த டைல்ஸும் வழுக்கும். நெய்க்கிண்ணத்தோடு சறுக்கிப்போய், மாமனாரின் காலடியில் சாஷ்டாங்கமாக விழுந்தேன். (கல்யாணத்தன்றுகூட அவ்வளவு முழுசாக விழவில்லை.)

நிமிர்ந்து பார்த்தேன். இடுப்பில் துண்டோடு, ஒரு கையில் கம்பியைப் பிடித்தபடி, முகத்தை மேலே தூக்கிக் கண்ணை மூடிக்கொண்டு, மனுஷன் சிரித்துக்கொண்டிருந்தார். வெளியே கேட்ட ஹோ அந்தச் சிரிப்புதான். ஆள் வந்திருப்பது தெரிந்து கண்ணைத் திறந்தவர், சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைக் கண்டிப்பாகப் பார்த்தார்.

"நான் தனியாக் குளிச்சுக்கறன்னு சொன்னனல்லங்க மாப்பிள்ளை. நீங்க எதுக்கு உள்ள வந்தீங்க?"

அந்த நேரம் பார்த்துச் சுமதி மாடியில் ஸ்விட்சை அணைத்தாள். சட்டென்று எல்லாம் நின்றது. மாமனார் மேலே பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஏனுங்க, கரண்ட்டு போயிருச்சுங்களா?"

வேட்டி மாற்றிக்கொண்டு, வாக்கரை ஊன்றி, யாரும் தொடாமல் அவரே வெளியே வந்தார். வரப்பும் மடையுமாகக் கிடந்த ஹாலை ஒரு தடவை சுற்றிப் பார்த்தார். கால் ஒடிந்ததிலிருந்து தன்மேல் தண்ணீர் ஊற்றினார்களே தவிர, தான் குளித்தது இன்றைக்குத்தான் என்றார். தோட்டத்துப் பம்புசெட்டில் தலையைக் கொடுத்துக் குளித்து வளர்ந்த உடம்பு அது. சுமதி அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள், அழுகையிலேயே சிரித்தாள். எனக்கும் கண் கலங்கியது. எப்படியும் முழுக்க நனைந்திருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. வேன் அன்றைக்குச் சாயங்காலம் அவர் இல்லாமல்தான் கொடுமுடி போனது.

மறுநாள் சேவியரை வரவழைத்து, பம்பைக் கழற்றிச் சின்னதாக மாட்டச் சொன்னேன். மாமனார் ஒத்துக்கொள்ளவே இல்லை. வேறு வழியில்லாமல் குளியலறை வாசலுக்குக் குறுக்கே ஒரு சின்னக் கால்வாய் வெட்டி, கம்பி மூடி போட்டு, தண்ணீரை வெளியே திருப்பினோம். வெட்டுகிறபோது நாற்காலி போட்டு உட்கார்ந்து, தண்ணீர் ஓடுகிற வாட்டம் பார்த்தது மாமனார்தான். இப்போது தினமும் காலையில் அவர் "தண்ணி உடறேன்" என்று ஒரு குரல் கொடுப்பார். நாங்கள் எங்கே இருந்தாலும் காலை மேலே தூக்கிக்கொள்வோம். கால்வாய் வந்த பிறகு அதற்கு அவசியமே இல்லை, பழக்கம் போகவில்லை.

அந்த நேரத்தில் கொடுமுடியிலிருந்து யாராவது ஃபோன் செய்து அவரைக் கேட்டால், சுமதி ஒரே பதில்தான் வைத்திருக்கிறாள். "அப்பா தோட்டத்துக்குப் போயிருக்காருங்க. தண்ணி கட்டிப்போட்டு வந்துருவாரு."