படத்தில் விழாத பள்ளம்

அபிராமபுரத்தில் ஒரு பள்ளம் இருக்கிறதா, இல்லையா என்று தீர்மானிக்கும் அதிகாரம் வார்டு அலுவலகத்தின் செயலிக்கு மட்டுமே உண்டு. இது தெரியாமல், ஓய்வுபெற்ற ஆசிரியர் வால்டர் தன் வீட்டு வாசலில் கிடந்த பள்ளத்தை நம்பிப் புகார் கொடுத்துவிட்டார். மனைவி ஆலிஸுக்கு முழங்கால் ஆபரேஷன் முடிந்து, இப்போதுதான் மாதா கோயில் காலைப் பூசைக்கு நடந்து போக ஆரம்பித்திருந்தாள். அவள் விழுந்துவிடக் கூடாதே என்பதுதான் மனிதருக்கு ஒரே கவலை.

உதவிப் பொறியாளர் கருணாகரன் மாண்புமிகு செல்போனுடன் ஸ்தல ஆய்வுக்கு எழுந்தருளினார். வந்ததும் படம் எடுத்தார். முகப்பரு, தழும்பு, முதுமை எதுவானாலும் கேட்காமலே நிரவிவிடும் நவீன போன் அது. பள்ளத்தையும் நிரவிவிட்டது.

"பாருங்க சார், ரோடு மாப்பிள்ளை கன்னம் மாதிரி கீது."

"உங்க கால்கிட்டயே பள்ளம் இருக்கே, சார்!"

"கண்ணால காண்றது பொய்னு பெரியவங்களே சொல்லிட்டாங்க. ஆபீஸுக்கு போட்டோதான் மெய்."

வால்டருக்குச் சுருக்கென்றது. அலமாரியில் இருந்த பழைய பெரிய கேமராவைத் தூக்கிவந்து எடுத்தார். உடைந்த தார், தேங்கிய தண்ணீர், அதில் மிதந்த பிஸ்கட் கவர் வரை அச்சு அசலாக விழுந்தது.

கருணாகரன் உதட்டைப் பிதுக்கினார். "இந்தச் செங்கல்லை எவன் சார் தூக்கிக்கினு அலையறது? படமும் பெருசு, செயலி வாங்காது."

"அப்ப சின்னதாக்கி அனுப்புங்க."

வீட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றி, சுருக்கி அனுப்பினார்கள். பள்ளம் கடுகாகிவிட்டது.

"செயலி இதை நிழல்னு சொல்லுது சார். நிழலுக்குத் தார் போட நிதி ஒதுக்கீடு இல்ல. விதிப்படி உங்களோட ஒரு செல்ஃபி எடுத்துட்டா, புகாரை முடிச்சிடலாம்."

கொதித்துப்போய் மறுக்க வாயெடுத்த வால்டரின் தோளில் கை போட்டு, அதற்குள் எடுத்தும்விட்டார். வால்டர் திரையைப் பார்த்தார். நெற்றிச் சுருக்கம் எங்கே? கண்ணுக்குக் கீழே தொங்கிய பை எங்கே? முதுகுக்குப் பின்னால் இருந்த பள்ளமும்தான் எங்கே? பெண் பார்க்கப் போன அன்றுகூட அவர் இத்தனை லட்சணமாக இருந்ததில்லை.

"தம்பி... இதை எனக்கு அனுப்புவீங்களா?"

"அனுப்பிட்டாப் போச்சு. இங்க 'திருப்தி'ன்னு மட்டும் அமுக்கிடுங்க."

அமுக்கினார். வெட்கக்கேடுதான், ஆனாலும் அமுக்கினார். படம் உடனே பங்குக் கோயில் வாட்ஸ்அப் குழுவுக்குப் போயிற்று. அத்தனை பேரும் கைதட்டினார்கள்.

மறுநாள் காலை வாசலில் 'ஐயோ, மாதாவே!' என்ற அலறல். ஓடிப்போய்ப் பார்த்தால், பள்ளத்துக்குள் ஆலிஸ்.

"பார்த்து நடக்கக் கூடாதாம்மா?"

"பார்த்துட்டுத்தானே வந்தேன்! நேத்து நீங்க அனுப்புன போட்டோல ரோடு வழவழன்னு இருந்துச்சே. மூடிட்டாங்கன்னு நெனச்சேன்!"

தெரு கூடிவிட்டது. கை கொடுக்க வந்த கைகளில் எல்லாம் போன் இருந்ததால் முதலில் படம் எடுத்தார்கள். பக்கத்து வீட்டு ஜொவிட்டா தன் போனைக் குனிந்து காட்டினாள். அதில் பள்ளமே இல்லை. பத்து வயது குறைந்த ஆலிஸ் சமதரையில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தாள்.

முழங்காலைப் பிடித்தபடி அழுதுகொண்டிருந்த ஆலிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு உற்றுப் பார்த்தாள்.

"ஜொவிட்டா, இதை எனக்கு அனுப்புடி."