கே-நூற்றிருபது ரக விமானம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. அம்மா நலம். நானும் போன வியாழக்கிழமை வரைக்கும் நலமாகத்தான் இருந்தேன். அங்கே நீயும் மாப்பிள்ளையும் நலம் என்றே வைத்துக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகும் அப்படியே இருக்க வேண்டுமே என்பதுதான் இப்போது என் கவலை. இந்தக் கடிதம் உன் மாமனார் கண்ணில் படக் கூடாது. சமையலறைக்குக் கொண்டுபோய்ப் படி.

விஷயம் அந்தப் புகைப்படம். உன் மாமனாரின் அப்பா தோல் தொப்பியும் பெரிய கண்ணாடியுமாக விமானி இருக்கையில் உட்கார்ந்திருக்கிறாரே, அதேதான். அதைப் பெரிதாக்கி, அடுத்த வார ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் கூப்பிட்டுப் புது வீட்டுக் கூடத்தில் மாட்டப் போவதாகவும், கீழே பித்தளைத் தகட்டில் விமானத்தின் பெயரைப் பொறிக்க வேண்டும் என்றும் சொல்லி, வியாழனன்று அவரே ஒரு பிரதியைக் கொண்டுவந்து கொடுத்தார்.

"காக்பிட் படத்தைப் பார்த்தே பழைய விமானத்தோட பேரைச் சொல்லிடுவீங்களாமே சம்பந்தி? எங்கப்பா காலம் பூரா விமானம் விமானம்னே இருந்தவரு. இது எந்த விமானம்னு நீங்கதான் சொல்லணும்."

ஓய்வு பெற்ற பதினோரு வருடமாக நான் வேறு என்ன செய்கிறேன்? பெயர் எழுதாத விடைத்தாள் வந்தால் கையெழுத்தைப் பார்த்தே யாருடையது என்று சொல்லிவிடுவேன் அல்லவா, அது போலத்தான் இதுவும். இறக்கை, வால் எதுவும் தெரிய வேண்டியதில்லை. வேகத்தைக் கூட்டும் கைப்பிடி இடப்பக்கமா நடுவிலா, திசைகாட்டி முழங்காலுக்கு நடுவிலா கண்ணுக்கு நேராகவா, பிடிப்பது கம்பா சக்கரமா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தால் விமானம் தானாகத் தன் பெயரைச் சொல்லிவிடும். பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்தேன். உயரம் காட்டும் கருவி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வட்டம், அதில் பன்னிரண்டு ரோமன் எண்கள். சுவர்க்கடிகாரம்! சரி, ஏதோ அவசரத்துக்கு மாட்டியிருப்பார்கள் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு வேகமானிக்குப் போனேன். அது பூஜ்யத்தில் தொடங்கி நூற்றிருபதில் முடிந்தது. நடுவில் கொட்டை எழுத்தில் 'கே.ஜி.' எந்த விமானத்திலம்மா பறந்துகொண்டே எடை பார்ப்பார்கள்? கையில் லாரி ஸ்டீயரிங், அதன் நடுவே ஹாரன் பொத்தான். எதிரே மேகம் வந்தால் ஹாரன் அடிப்பாரா மனிதர்? பின்னாலிருந்த மேகத்திலோ ஓர் ஆணி தெரிந்தது.

ஸ்டுடியோவில் படம் எடுத்துக்கொள்வதற்காகப் பலகையில் செய்து வைத்த விமானம் அது. உன் மாமனாரோ தன் அப்பாவை விமானி என்று நம்பிக்கொண்டிருக்கிறார்.

அம்மா படத்தை எட்டிப் பார்த்தாள். "பேசாம உண்மையைச் சொல்லிடுங்களேன்."

"எப்படிச் சொல்றது? 'உங்கப்பா ஓட்டினது எடை மெஷின், சம்பந்தி'ன்னா?"

"அப்ப பொய்யைச் சொல்லுங்க. முப்பத்தினாலு வருஷம் உண்மையே பேசி என்னத்தைக் கண்டீங்க?"

மறுநாள் அவர் தொலைபேசியில் கேட்டபோது, "படம் கொஞ்சம் மங்கலா இருக்கு சம்பந்தி" என்று இழுத்தேன். மாலைக்குள் கதவு அகலத்துக்கு ஒரு பிரதி வந்து இறங்கியது. அதில் ஆணி கட்டைவிரல் பருமன். சனிக்கிழமை மறுபடி கூப்பிட்டு, "தகடு வெட்டுறவரு பக்கத்துலயே உட்கார்ந்திருக்காரு, பேரை மட்டும் சொல்லுங்க, போதும்" என்றார். என் கண் அந்த எடைக்கருவி மேல் இருந்தது. வாய் தானாக, "கே-நூத்தி இருபது" என்றது.

"கே-நூத்தி இருபதா! பேரே என்ன கம்பீரமா இருக்கு!"

வெற்றுத்தாளுக்கு அரை மதிப்பெண்கூடப் போடாதவன் நான். ஓர் எடைக்கருவிக்கு விமானப் பட்டம் கொடுத்துவிட்டேன். அதோடு விட்டதா? உங்கள் எதிர்வீட்டுக்காரர் விமான மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவராமே, அவரும் ஞாயிற்றுக்கிழமை வருகிறாராம். "உங்க ரெண்டு பேரையும் பக்கத்துல பக்கத்துல உட்கார வெக்கிறேன், ஆசை தீரப் பேசிட்டிருங்க" என்கிறார் உன் மாமனார். இல்லாத பெருமையைக் கொடுத்து ஊர் சிரிக்க வைத்துவிட்டான் உன் அப்பன் என்று பின்னால் அந்த வீட்டில் யாராவது உன்னை ஒரு சொல் சொல்லிவிட்டால் நான் தாங்க மாட்டேன். அதனால் நான் சொல்வதைக் கேள். பெரிய பூந்தொட்டியாகப் பார்த்து அந்தத் தகட்டுக்கு முன்னால் வை. மெக்கானிக்கைப் படத்துக்கு முதுகு காட்டி உட்கார வை. அப்படியும் குட்டு உடைந்துவிட்டால், உன் மாமனாரைப் பார்த்து யாரும் சிரித்துவிடாமல் பார்த்துக்கொள். பாவம், தலை நிமிர முடியாமல் நிற்பார். அவர் கையில் சூடாக ஒரு டீயைக் கொடுத்துப் பேச்சை வேறு பக்கம் திருப்பு. தப்பாக விடை சொன்ன பிள்ளையை உடனே உட்காரச் சொல்லிவிட வேண்டும்; நிற்க வைத்தால்தான் அது அவமானம். ஒரு வாரத்துக்கு அந்த வீட்டில் யாரும் கிலோ கணக்கில் எதையும் பேச வேண்டாம்.

நீங்கள் இருவரும் மனம்போல் வாழ எங்கள் ஆசிகள். உன் மாமியாரை அம்மா விசாரித்ததாகச் சொல். உன் மாமனாரிடம் நான்... வேண்டாம், அவரிடம் ஒன்றும் சொல்லாதே.

இப்படிக்கு,
கலக்கத்துடன்,
அப்பா

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது உன் மாமனாரே தகட்டோடு வந்து நிற்கிறார். படித்துப் பார்த்தேன். 'அப்பா தம் கையால் பலகையில் செய்த கே-120 விமானம்' என்றிருக்கிறது. "செஞ்சதா?" என்றேன். "பின்னே? அந்த ஸ்டுடியோவுக்குத் தச்சு வேலையெல்லாம் அப்பாதானே! எந்த நிஜ விமானத்தைப் பார்த்துச் செஞ்சாருன்னுதான் எங்களுக்குத் தெரியாம இருந்துச்சு. நீங்க சொல்லிட்டீங்க. எதிர்வீட்டு மெக்கானிக்தான், அப்படி ஒரு விமானமே உலகத்துல கிடையாதுன்னு சாதிக்கிறாரு. ஞாயித்துக்கிழமை எங்க சம்பந்தி வந்து எல்லார் முன்னாடியும் விளக்குவாருன்னு சொல்லி வெச்சிருக்கேன்" என்கிறார். விமானி என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லையாம். தொப்பியைப் பார்த்து முடிவு கட்டியது நான்தான். உனக்கும் இதெல்லாம் தெரியுமாமே, ஒரு வார்த்தை சொன்னாயா? ஆகவே, குட்டு உடைந்துவிட்டால் என்று நான் எழுதிய வரியில் 'உன் மாமனார்' என்று வரும் இடத்தில் 'அப்பா' என்று மாற்றிப் படித்துக்கொள். பூந்தொட்டிக்குப் பின்னால் ஒரு நாற்காலி போட்டு வை. டீயில் சர்க்கரை வேண்டாம்.