கேப்டனுக்கு ஒரு வைன் ரேக்

அலமாரித் தட்டில் படுக்க வைத்த முதல் பாட்டில் உருண்டு விழப்போனபோது எபனேசர் அதை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். இரண்டாவது உருண்டபோது அவர் மனைவி கிளாடிஸ் முந்தானையில் ஏந்தினாள்.

“ஏங்க, பாட்டிலை நிக்க வச்சா என்ன? கிறிஸ்மஸ்ல இருந்து அடுப்படியில நின்னுக்கிட்டுதானே இருக்கு?”

“வைனைப் படுக்கத்தான் போடணும் ஏளா. கப்பல்ல அப்படித்தான் வச்சிருக்காங்க.”

“கப்பல் ஆடும், படுக்க வைக்காங்க. நம்ம வீடு எங்க ஆடுது?”

எபனேசர் மூன்றாவது பாட்டிலையும் படுக்க வைத்தார். தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்குக் காய்கறி, அரிசி, மீன் ஏற்றிவிடுவது அவர் தொழில். முப்பது வருடமாகக் கப்பல் ஏணிகளில் ஏறி இறங்குகிறார். எத்தனையோ கேப்டன்களின் அறையில் உட்கார்ந்து காப்பி குடித்திருக்கிறார். ஒரு கேப்டன்கூட அவர் வீட்டு வாசலை மிதித்ததில்லை.

அன்று செவ்வாய்க்கிழமை. காலையில் ஒரு குரோஷியாக்காரக் கேப்டன், தன் கப்பல் அறையின் வட்ட ஜன்னல் வழியாக ஊரையே பார்த்துக்கொண்டு நின்றார். தூரத்தில் உப்பளங்கள் வெயிலில் வெள்ளையாக மிதந்தன. அந்த முதுகைப் பார்த்ததும் எபனேசருக்கு என்னவோ செய்தது.

“சனிக்கிழமை மதியம் எங்க வீட்டுக்குச் சாப்பிட வாங்க சார்,” என்றார் தனக்குத் தெரிந்த இங்கிலீஷில். வெறும் சாப்பாட்டுக்கு யார் வருவார் என்று தோன்றவே, “வீட்டிலேயே வைன் செய்வோம். ஒரு ரேக் நிறைய இருக்கு,” என்றும் சேர்த்துக்கொண்டார்.

கேப்டன் சட்டென்று திரும்பினார். “வைனா? எனக்கு வைன் என்றால் உயிர்!”

வீட்டில் இருந்தது கிளாடிஸ் கிறிஸ்துமசுக்குப் போட்ட திராட்சை வைனில் மிச்சம் நான்கு பாட்டில். ரேக் கிடையாது. அவள் தையல் துணி வைக்கும் ரெடிமேட் அலமாரி ஒன்று இருந்தது. மரத்தூளை அழுத்திச் செய்த, கதவில்லாத ஐந்து தட்டு அலமாரி.

அதன் முன்னால் நின்றாலே எபனேசருக்குக் கண் சொருகியது. ஹால் மங்கி, கடலுக்கடியில் இருப்பதுபோல நீலமாகிவிடும். பாட்டில்கள் வரிசை வரிசையாகப் படுத்துத் தூங்கும். கேப்டன் அவற்றை எழுப்பிவிடாமல் மெல்லக் குனிந்து ஒவ்வொன்றாகப் பார்ப்பார்.

“ஏங்க, பாட்டில்!” என்று கிளாடிஸ் கத்தினாள். மூன்றாவதும் உருண்டு வந்துகொண்டிருந்தது.

புதன்கிழமை, அலமாரியின் முன்பக்கத்துக்கு அடியில் அட்டையை மடித்துச் செருகினார். பாட்டில்கள் முன்னால் வரவில்லை. நான்கும் சேர்ந்து பின்னால் போய் முட்டியதில், பின்பக்கத்துத் தகடு ஆணியோடு கழன்று விழுந்தது.

வியாழக்கிழமை, மூன்று தட்டுகளைக் கழற்றி எறிந்துவிட்டு, நாலு இஞ்சு பிளாஸ்டிக் குழாய் வாங்கித் துண்டு துண்டாக அறுத்து அடுக்கிப் பசை போட்டார். இருபத்து நான்கு வட்டத் துவாரங்கள். சாயங்காலம் கடற்காற்று வீசியபோது அத்தனை குழாயும் சேர்ந்து, எங்கோ தூரத்தில் கப்பல் கூப்பிடுவதுபோல ஊதின. எபனேசர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

“நல்லாத்தான் இருக்கு,” என்றாள் கிளாடிஸும் தன்னை மறந்து. பிறகு எண்ணிப் பார்த்தாள். “நாலு பாட்டிலு, இருவத்திநாலு ஓட்டை. பல்லு விழுந்த வாய் மாதிரில்லா தெரியுது?”

அதற்கும் வழி பிறந்தது. வெள்ளிக்கிழமை, தெருவெல்லாம் கேட்டு சர்பத் பாட்டில், வினிகர் பாட்டில் என்று இருபதைச் சேர்த்து, கழுவி, கருக்கக் கொதித்த தேயிலைத் தண்ணீரை ஊற்றினார்கள். கிளாடிஸ் ஒன்றை வெயிலுக்கு நேராகப் பிடித்தாள். அவள் கன்னத்தில் செம்பழுப்பாக ஒரு வெளிச்சம் ஆடியது.

“நெசமாவே வைனு மாதிரி இருக்குங்க.”

இருபத்து நான்கும் படுத்தன. பாரம் தாங்காமல் அலமாரியின் இரண்டு பக்கமும் விருந்து சாப்பிட்ட வயிறு மாதிரிப் புடைத்தன.

“சுவரோட சேத்து முடுக்கிட்டா நிக்கும்,” என்றார் எபனேசர்.

சனிக்கிழமை காலை டிரில்லை வைத்துச் சுவரில் அழுத்தினார். முதல் துளையில் செங்கல்தூள் வந்தது. இரண்டாவதில் தண்ணீர் வந்தது. சுவருக்குள் ஓடிய குழாய் ஓட்டையாகி, வெள்ளிக்கம்பி மாதிரி நேராக அலமாரியின் மேல் பீய்ச்சியது.

“வால்வை மூடுங்க!”

“வால்வு எங்கன இருக்கு?”

“இந்த அலமாரிக்குப் பின்னாலதான்!”

பாட்டில்களோடு அதை நகர்த்த இருவராலும் முடியவில்லை. மாடித் தொட்டி காலியாகும்வரை இருவரும் மாறிமாறிக் கட்டைவிரலால் துளையை அடைத்துக்கொண்டு நின்றார்கள். அதற்குள் மரத்தூள் பலகை டீயில் போட்ட ரஸ்க் மாதிரி ஊறிப்போயிருந்தது.

வாசலில் கார் நின்றது. வெள்ளைச் சட்டையில் கேப்டனும், அதே கப்பலில் அதிகாரியாக இருக்கும் ஓட்டப்பிடாரத்துப் பேச்சிராஜாவும் இறங்கினார்கள்.

கேப்டன் ஹாலுக்குள் காலை வைத்ததும் அலமாரி மெல்லச் சாய்ந்தது. அவசரமே இல்லை. கப்பல் முங்குவதுபோல ஒரு பக்கம் தாழ்ந்து, ஒரு பெருமூச்சு விட்டு, அப்படியே உட்கார்ந்துவிட்டது. ஈரத் தரையில் பாட்டில்கள் ஒவ்வொன்றாக உருண்டு வந்து கேப்டனின் பூட்ஸைத் தொட்டன. உடைந்தவற்றிலிருந்து தேயிலைத் தண்ணீர் ஓடியது. உண்மையான வைனில் ஒரு பாட்டில் மட்டும் பிழைத்திருந்தது.

எபனேசர் அதை எடுத்து நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

கேப்டன் பூட்ஸைக் கழற்றினார். பேண்ட்டைச் சுருட்டிவிட்டார். கிளாடிஸ் கையிலிருந்த துடைப்பத்தை வாங்கி, ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி தண்ணீரை வாசலுக்குத் தள்ள ஆரம்பித்தார்.

“அய்யோ, விருந்தாளி நீங்க!” என்று கிளாடிஸ் தமிழிலேயே பதறினாள். அவர் விடவில்லை.

பிறகு தரையில் பாய் விரித்து உட்கார்ந்து, சீலா மீன் குழம்பை மூன்று தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். முறத்தில் காயப்போட்டிருந்த மிளகாயை, சுவரிலிருந்த கல்யாணப் போட்டோவை, தையல் மிஷினை எல்லாம் ஆசையாகப் பார்த்தார். பிழைத்த பாட்டிலிலிருந்து எபனேசர் ஊற்றிவைத்த கிளாசை மட்டும் தொடவே இல்லை. சாப்பிட்டு முடித்ததும் ஃபேனுக்கு அடியில், நாற்காலியில் சாய்ந்தபடியே குழந்தை மாதிரித் தூங்கிவிட்டார்.

நிறைந்த கிளாசைப் பார்க்கப் பார்க்க எபனேசருக்கு அழுகை வந்தது. பேச்சிராஜாவின் காதருகே குனிந்தார்.

“தம்பி, வைனுன்னா உயிருன்னாரு. ஒரு வாய்கூட வைக்கலையே. வாசம் பிடிக்கலையோ?”

பேச்சிராஜா கேப்டனை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“அவரு குடியை விட்டு பதினோரு வருசமாச்சு அண்ணாச்சி. கப்பலையே பாத்துப் பாத்துச் சலிச்சு, ஒரு வீட்டுல உக்காந்து சாப்பிட மாட்டோமான்னு ஏங்கிக்கிட்டுக் கெடந்தாரு. வைனு குடிக்க மாட்டேன்னு சொன்னா நீங்க கூப்பிடாம விட்டுருவீங்களோன்னுதான் அன்னைக்கு உங்ககிட்ட அப்படிப் புளுகினாரு.”