கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆம்ஸ்டர்டாம்

ஆம்ஸ்டர்டாமில் நான் இருபத்தொன்பது மணி நேரம் இருந்திருக்கிறேன். அந்த ஊரைப் பற்றி யாராவது என்னிடம் கேட்டால், எந்தக் கழிப்பறைக் குழாயில் சுடுதண்ணீர் வரும், எந்த வரிசை நாற்காலிகளுக்குக் கைப்பிடி கிடையாது (கைப்பிடி இல்லாவிட்டால்தான் காலை நீட்டிப் படுக்கலாம்) என்பதைத் துல்லியமாகச் சொல்லுவேன். வேறு எதுவும் தெரியாது. இதில் கூடுதல் பெருமை, நான் ஒரு புவியியல் ஆசிரியர்.

மரக்காணத்தில் எங்களுக்குக் கொஞ்சம் உப்பளம் உண்டு. அதை அப்பா பார்த்துக்கொள்கிறார். திண்டிவனம் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் உலகத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். டொரோண்டோவில் இருக்கும் தங்கைக்குக் குழந்தை பிறந்தது. அம்மா பிரசவத்துக்கு முன்பே போய்விட்டார். நவம்பர் மழையில் உப்பளம் முழுக்கத் தண்ணீரில் கிடக்கும், அப்பாவுக்கும் வேலை இருக்காது என்பதால், அப்பா, என் மனைவி வாணி, பன்னிரண்டு வயது மகள் இனியா, நான் என்று நான்கு பேரும் ஒரு மாதம் போய்விட்டு வருவதாக முடிவாயிற்று.

டிக்கெட் போடுகிறவர் நல்ல மனிதர். துபாய் வழியாகப் போட்டால் மூன்று மணி நேரத்தில் அடுத்த விமானம் கிடைக்கும், பெரியவரை வைத்துக்கொண்டு அதுதான் வசதி என்றார். எனக்கு அவரைப் பார்த்துப் பரிதாபமாக இருந்தது. எங்கள் பக்கம் கோட்டக்குப்பத்தில் வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவுக்குப் போய் வருகிறார். அதையெல்லாம் ஒரு பயணம் என்று ஸ்டாஃப் ரூமில் சொல்லிக்கொள்ள முடியுமா? ஐரோப்பாவில் ஒரு ராத்திரி தங்கிப் போவதுதான் படித்தவனுக்கு அழகு என்று அவருக்கு வகுப்பெடுத்து, காலையில் ஆம்ஸ்டர்டாமில் இறங்கி மறுநாள் மதியம் கிளம்புகிற மாதிரி போடச் சொன்னேன். தலைமையாசிரியரிடம், துலிப் தோட்டத்தில் நின்று எடுத்த குடும்பப் படத்தைக் கொண்டுவந்து காட்டுவதாக வாக்கும் கொடுத்தேன். நவம்பரில் துலிப் பூக்காது என்பது புவியியல் ஆசிரியருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று சட்டமா இருக்கிறது?

இரண்டு மாதம் உட்கார்ந்து திட்டம் போட்டேன். பதினான்கு இடங்கள். நிமிடக் கணக்கு. கால்வாய்ப் படகு 10.25. பழைய மணிக்கூண்டு 11.50. படம் எடுக்க நான்கு நிமிடம், அதில் அப்பா சிரிப்பதற்கு மட்டும் ஒரு நிமிடம் (அவர் கேமராவைப் பார்த்தால் எதிரியைப் பார்த்த மாதிரி விறைப்பார்). இதை நான்கு பிரதி எடுத்து லேமினேஷன் போட்டு, ஆளுக்கு ஒன்று கழுத்தில் மாட்டிக்கொள்ளக் கயிறும் கோத்தேன்.

அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

“அந்த ஊரு கடல் மட்டத்துக்குக் கீழ இருக்குதுன்னு டிவியில சொன்னாம்பா. தண்ணிய எப்படி நிறுத்தி வெச்சிருக்கான்னு பாக்கணும். எனக்கு அது ஒண்ணு போதும்.”

வாழ்நாள் முழுக்கக் கடல்தண்ணீரோடு மல்லுக்கு நின்ற ஆள். வேறு என்ன கேட்பார்? நான் பொறுமையாக விளக்கினேன். அணைகள் எல்லாம் வெகு தூரத்தில் இருக்கின்றன, ஒரு நாள் தங்கலில் அதற்கெல்லாம் நேரம் ஒதுக்க முடியாது என்றேன். அவர் மனம் கோணக் கூடாதே என்று சீஸ் ருசி பார்க்கப் பதினைந்து நிமிடம் சேர்த்தேன். அப்பாவுக்குப் பால் சம்பந்தப்பட்டது எதுவும் ஆகாது. அவர் சரிப்பா என்று சொல்லிவிட்டு உப்பளத்துப் பக்கம் போய்விட்டார்.

வாணி மரக்காணத்தில் இ-சேவை மையம் நடத்துகிறாள். ஊரில் பாதிப் பேருடைய விண்ணப்பம் அவள் கை வழியாகத்தான் போகும். அவளும் ஒன்று கேட்டாள், அங்கே வெளியே போக விசா வேண்டாமா என்று. நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இன்று நினைத்தாலும் எனக்கே என்னை அறையத் தோன்றுகிறது. கனடா விசா கையில் இருந்தால் அங்கே தனியாக விசா தேவையில்லை, நான் படித்துவிட்டேன் என்றேன். பொய் இல்லை. படித்தேன். அந்த வாக்கியத்தின் முன்பாதியை. ‘விமான நிலையத்தை விட்டு வெளியேறாத வரை’ என்ற பின்பாதி அடுத்த வரியில் இருந்திருக்கிறது. கேள்வியை முழுதாகப் படிக்காமல் பதில் எழுதும் பிள்ளைகளுக்கு நான் இரண்டு மதிப்பெண் குறைப்பது வழக்கம்.

பெங்களூரில் விமானம் ஏறும்போது கவுன்ட்டரில் இருந்த பெண், அங்கே வெளியே போகிறீர்களா, ட்ரான்சிட் மட்டும்தானா என்று கேட்டாள். நடுவில் தங்குவதற்குப் பெயர்தானே ட்ரான்சிட்? ‘ட்ரான்சிட்’ என்று கம்பீரமாகச் சொல்லிவிட்டு ஏறினேன்.

காலையில் இறங்கினோம். நான்கு பேர் கழுத்திலும் அட்டை ஆடியது. பாஸ்போர்ட் பார்க்கும் பெண் அதிகாரி எங்கள் பாஸ்போர்ட்டுகளை முன்னும் பின்னும் புரட்டிவிட்டு விசா எங்கே என்றார். கனடா விசாவைக் காட்டினேன். இது கனடாவுக்கு என்றார். அவருக்கு விதி தெரியவில்லை போல என்று நினைத்து, ஆதாரமாக என் லேமினேஷன் அட்டையைக் கழற்றி உள்ளே நீட்டினேன். அவர் அதை மேலிருந்து கீழ் வரை நிதானமாகப் படித்தார். பக்கத்து இருக்கைக்காரரிடம் கொடுத்தார். அவரும் படித்தார். பிறகு அந்தப் பெண், திட்டம் மிகவும் நன்றாக இருக்கிறது, ஆனால் ஆறாவதாக இருக்கும் கடையை மூடி இரண்டு வருஷமாகிறது என்று சொல்லி, அட்டையையும் பாஸ்போர்ட்டுகளையும் சேர்த்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார். நாளை மதியம் வரை உள்ளேயே இருக்கலாம், வெளியே போக முடியாது. அவ்வளவுதான். எங்களுக்குப் பின்னால் நின்ற வரிசை, எனக்கு வழி விடுவதற்காக இரண்டாகப் பிளந்தது.

அன்றைய டொரோண்டோ விமானத்தில் இடம் இல்லை. உள்ளே இருந்த ஒரே விடுதியிலும் இடம் இல்லை. ஊருக்குள் கால்வாய் ஓரத்தில் நான் பார்த்துப் பார்த்துப் பதிவு செய்த அறை மட்டும் எங்களுக்காகக் காலியாகக் காத்திருந்தது.

ஒரு பெரிய கண்ணாடிச் சுவரை ஒட்டி உட்கார்ந்தோம். வாணி திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் பையைத் திறந்து இட்லிப் பொட்டலத்தை எடுத்து மூன்று பேருக்குப் பிரித்தாள். கடைசியில் என் செல்போனை என்னிடம் நீட்டினாள்.

“மீதி பாதியையும் இப்ப படிங்க. டைம் இருக்குது.”

இனியா வேறு விதமாகப் பழிவாங்கினாள். கழுத்து அட்டையைக் கழற்ற மறுத்துவிட்டாள். ஒவ்வொரு நேரம் வரும்போதும் செய்தி வாசிக்கிற குரலில் அறிவித்தாள். 10.25க்குப் படகு ஏறினோம். 11.50க்கு மணிக்கூண்டு. 12.10க்கு என் அப்பா சீஸ் வாங்கித் தருவார் என்று படித்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எழுந்து போய், நினைவுப் பொருள் கடையில் மரச்செருப்புக்கும் பிளாஸ்டிக் துலிப்புக்கும் நடுவில் அவளை நிறுத்திப் படம் எடுத்தேன். தலைமையாசிரியருக்குக் கொடுத்த வாக்கு ஒருவகையில் நிறைவேறியது.

அப்பா வேட்டி, ஸ்வெட்டர், குரங்குக் குல்லாயோடு கண்ணாடிக்கு வெளியே பெய்த தூறலைப் பார்த்துக்கொண்டு நின்றார். வயதானவர்களை ஏற்றிக்கொண்டு உள்ளேயே ஓடும் பேட்டரி வண்டி ஒன்று அவரைத் தாண்டிப் போய், திரும்பி வந்து நின்றது. ஓட்டியவர் ஐம்பது வயதுக்காரர், குகன் என்று பெயர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அங்கேயே குடியேறியவர். வேட்டியைப் பார்த்து நிறுத்தினேன் என்றார். அப்பா தன் ஊர், உப்பளம், மகன் போட்ட திட்டம் (இதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம்) எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, கடலுக்குக் கீழே இருக்கும் ஊரைப் பார்க்க ஆசைப்பட்டேன், கொடுத்து வைக்கவில்லை என்றார். குகன் ஒரு நிமிடம் அவரை விளங்காமல் பார்த்தார்.

“ஐயா, நீங்க நிக்கிற இடமே ஒரு காலத்தில பெரிய ஏரி. தண்ணிய இறைச்சுப்போட்டுத்தான் கட்டினவங்கள். இப்பவும் கடல் மட்டத்துக்கு மூண்டு மீட்டர் கீழதான் நிக்கிறியள்.”

அப்பா தரையைப் பார்த்தார். காலைத் தூக்கி ஒருமுறை மெதுவாக வைத்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“நீ பசங்களுக்கு இந்தப் பாடந்தான எடுக்கற?”

கோபமே இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அதனால்தான் தாங்க முடியவில்லை. பதினான்கு இடம் தேடிய நான், அவர் கேட்ட ஒரே இடத்தை வெகு தூரம் என்று தள்ளிவிட்டு, அதன் அடிவயிற்றிலேயே கொண்டுவந்து இறக்கியிருக்கிறேன். அதுவும் தெரியாமல்.

குகன் வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் தேநீர்க் கோப்பைகளோடு வந்து அப்பா பக்கத்தில் உட்கார்ந்தார். ஓடுபாதைக்கு அப்பால் நீளநீளமாக ஓடிய வாய்க்கால்களைக் காட்டினார். மழைத்தண்ணீர் அதில் இறங்கும், எந்திரம் அதை மேட்டுக் கால்வாய்க்கு ஏற்றும், அங்கிருந்து கடலுக்குப் போகும் என்றார். எந்திரம் நின்றுபோனால் என்ன ஆகும், கரை மண்ணா கல்லா, எலி வளை தோண்டாதா என்று அப்பா குடைந்தார். பதிலுக்குப் பாத்தி கட்டி உப்பு எடுக்கும் கணக்கைக் குகனுக்குச் சொல்லிக் கொடுத்தார். நாம் கடலை உள்ளே கூப்பிடுகிறோம், இவர்கள் வெளியே தள்ளுகிறார்கள், வரப்பு இரண்டுக்கும் ஒன்றுதான் என்று அப்பா தீர்ப்பு சொன்னபோது, வாணி முதல்முறையாகச் சிரித்தாள். நான் துணிந்து ஓர் இட்லி கேட்டேன். கொடுத்தாள்.

டொரோண்டோவில் இறங்கி, பேரக்குழந்தையைக் கையில் வாங்கிய கையோடு அப்பா அம்மாவுக்கு வாய்க்கால் கதையைத்தான் சொன்னார். மற்ற கதையை இனியா நடித்தே காட்டினாள். ஊர் திரும்புவதற்குள் வீட்டில் ஒரு புதுச் சொல் பிறந்துவிட்டது. ஓர் இடத்தின் வாசல் வரை போய், உள்ளே போகாமல் திரும்பினால் அதற்கு ‘ஆம்ஸ்டர்டாம்’ என்று பெயர். கோயிலுக்குப் போய் நடை சாத்தியிருந்தால் ஆம்ஸ்டர்டாம். கல்யாணத்துக்குப் போய்ப் பந்தி முடிந்திருந்தால் ஆம்ஸ்டர்டாம். வீட்டோடு போகட்டும் என்று நானும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

போன வாரம் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று உப்பு ஏற்றுவதைப் பார்க்க நான் போனேன். லாரியைக் காணோம். எங்களிடம் வேலைக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகாத அக்கா ஒருவர் உப்புக் குவியலுக்கு ஓலை மூடிக்கொண்டிருந்தார். என்னை அதற்கு முன் அவர் பார்த்ததில்லை. லாரி வரவில்லையா என்று கேட்டேன்.

“வந்துதுங்க. பாதி ரோட்டுல சேத்தப் பாத்துட்டு அப்படியே ரிவர்ஸ் எடுத்துட்டான்,” என்றார் அவர், ஓலையிலிருந்து தலையை நிமிர்த்தாமலே. “ஆம்ஸ்டர்டாம் ஆயிடுச்சி.”