பன்னிரண்டு பேண்டேஜ் கிரேக்கர்கள்

ஒரு புத்தகத்தை முழுதாகப் படித்தவர்களால் ஊருக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. படிக்காதவர்களாலும் இல்லை. பாதி படித்துவிட்டுக் கிளம்புகிறவர்கள்தான் ஆபத்தானவர்கள். எண்பதுகளின் பின்பாதியில், ராஜபாளையத்தில், நான் அப்படிக் கிளம்பினேன்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. ஒரு நூற்பாலையில் தொழிலாளர் நல அலுவலருக்கு உதவியாளர். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. (நல அலுவலர் என்று ஒருவர் அங்கே கிடையாது. இல்லாத ஒருவருக்கு நான் உதவிக்கொண்டிருந்தேன்.) கேன்டீன் சாம்பாரில் பஞ்சு கிடந்தால் விசாரிப்பது, பொங்கலுக்குக் கோலப்போட்டி வைப்பது, இவைதான் என் பொறுப்புகள். அந்த ஓய்வில்தான் நூலகத்தில் பழங்கால கிரேக்க நாடகங்களைப் பற்றிய ஒரு புத்தகம் கிடைத்தது. பின்பாதியைக் கரையான் தின்றிருந்தது. முன்பாதி என்னைத் தின்றது.

இரண்டாயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால், அந்த நாட்டில் டயோனிசஸ் என்று ஒரு திராட்சை மதுக் கடவுளுக்கு வசந்த காலத்தில் திருவிழா எடுப்பார்களாம். சாமியை ஊர்வலமாகக் கொண்டுவந்து அரங்கத்தில் உட்கார வைப்பார்களாம். அவருக்கு முன்னால் நாடகப்போட்டி. முகமூடி போட்ட ஒரு கூட்டம் ஒரே குரலில் பாடும், அழும், நியாயம் கேட்கும். வாசிக்க வாசிக்க எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. தேரும் கரகமும் கண்ட ஊர்க்காரனுக்கு இது எப்படி அந்நியமாகும்? இந்தத் திருவிழாவை நவீன நாடகமாகப் புதுப்பிக்கப் பிறந்தவன் நானே என்று முடிவு செய்தேன்.

இன்னொரு காரணமும் உண்டு. அடுத்த மாதம் ஸ்ரீவில்லிபுத்தூரில் மில் தொழிலாளர்களுக்கான நாடகப்போட்டி. எனக்கு நிச்சயமாகியிருந்த வசந்தா அதே ஊர். பெண் பார்க்கப் போனபோது அவள் ஒரே ஒரு தடவைதான் நிமிர்ந்து பார்த்தாள். அதுவும் நான் காராச்சேவைத் தட்டோடு என் மடியில் கவிழ்த்தபோது. கல்யாணத்துக்கு இரண்டு மாதம் இருந்தது. அதற்குள் அந்தக் காட்சியை அவள் மனத்திலிருந்து அழித்தாக வேண்டும். அண்ணனோடு அவள் நாடகம் பார்க்க வருகிறாள் என்று தகவல் வந்திருந்தது.

மேனேஜரிடம் போய் நின்றேன். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். கோபமோ சந்தேகமோ வந்தால் 'ஏமய்யா' என்றுதான் ஆரம்பிப்பார்.

"கிரீஸ் திருவிழா ஒண்ணு நடத்தலாம்னு இருக்கேன் சார்."

"ஏமய்யா, கிரீஸ் வேணும்னா ஸ்டோர்ல கேளு. ரெண்டு டப்பா குடுப்பாங்க. எங்கிட்ட எதுக்கு வந்த?"

அது நாட்டின் பெயர் என்று புரியவைக்கக் கால்மணி நேரம் ஆயிற்று. பொறுமையாகக் கேட்டவர், "அவங்க ஊர்ல மில்லு உண்டா?" என்றார்.

"அப்ப இல்ல சார்."

"அதான் நாடகம் போட்டுத் திரிஞ்சிருக்காங்க" என்று சொல்லிவிட்டு, லாரியைக் கொடுத்தார். கூடவே ஒரு நிபந்தனையும் வைத்தார். "பன்னெண்டு பேரையும் பத்திரமாத் திருப்பிக் கொண்டாரணும். ஒருத்தனுக்குக் கீறல் பட்டாலும் உனக்கு இங்க வேலை கிடையாது."

நாடகத்தை நானே எழுதினேன். திருவிழாவை நிறுத்திவிட்ட ஒரு ஊரில் மழை நின்றுபோகிறது. பன்னிரண்டு ஊர்க்காரர்கள் அழுது புரண்டு கடவுளைத் திரும்ப அழைக்கிறார்கள். கடவுள் வேஷம், பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்ற எங்கள் வாட்ச்மேன் மாடசாமிக்கு. மீசையை எடுக்க மாட்டேன் என்றார். சரி, மீசை வைத்த டயோனிசஸ். முதல் ஒத்திகையிலேயே அவருக்கு ஒரு சந்தேகம்.

"சாமி எப்பிடி நிக்கும் சார்? அட்டென்ஷனா, ஸ்டேண்ட் அட் ஈஸா?"

ஊர்க்காரர்களுக்குத் தலைவன், பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங் பிரிவு பேச்சியப்பன். இயந்திர இரைச்சலுக்கு மேலே பேசிப் பேசிப் பழகிய தொண்டை. அவன் 'ஐயோ' என்று ஆரம்பித்தால் கேன்டீனில் டம்ளர்கள் அதிரும். சோழபுரத்தில் இருக்கிற அவன் வீட்டில் அந்தத் தொண்டைக்கு வேலையே கிடையாதாம். அங்கே பேசுவது அவன் மனைவி குருவம்மா மட்டும்தான்.

உடைக்குத்தான் திண்டாடினேன். கிரேக்கர்கள் வெள்ளைத் துணியை உடம்பில் சுற்றிக்கொண்டிருப்பதாகப் புத்தகத்தில் படம் இருந்தது. எங்கள் பக்கத்தில் அப்படிப்பட்ட வெள்ளைத் துணிக்கு என்ன பஞ்சம்? ஆஸ்பத்திரிகளுக்குப் போகிற பேண்டேஜ் துணி சுற்றுவட்டாரத் தறிகளில் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. கழித்துப்போட்ட சுருள்களைத் தெரிந்தவர் ஒருவர் மூட்டையாகக் கொடுத்தார். மார்பில், தோளில், இடுப்பில் என்று சுற்றினோம். காகிதக்கூழில் செய்த முகமூடிகளைக் கட்டிய கயிறு உறுத்தியது. எனவே தலையைச் சுற்றியும் பேண்டேஜ். (இந்த இடத்தில் உங்களுக்குத் தோன்றுவது அன்று எனக்குத் தோன்றவில்லை. பதின்மூன்று பேரில் ஒருவருக்குமே தோன்றவில்லை.)

ஞாயிற்றுக்கிழமை மதியம் கிளம்பினோம். லாரியின் முன்பக்கம் டிரைவரும் நானும். பின்னால் ஊர்க்காரர்கள் பன்னிரண்டு பேர், தலையில் இலைக்கிரீடத்தோடு கடவுள், மேடையில் கடவுளுக்குப் படைப்பதற்காக ஒரு அண்டா நிறையக் கறுப்புத் திராட்சைச் சாறு, அப்புறம் ஒரு ஆடு. ஜெயித்தவருக்கு ஆட்டைப் பரிசாகக் கொடுப்பது கிரேக்க வழக்கம் என்று முன்பாதியில் இருந்தது. எனவே கூமாப்பட்டியிலிருந்து ஒரு கிடாயை வரவழைத்திருந்தேன்.

பாதி வழியில் ஒரு மாட்டுவண்டி குறுக்கே வந்தது. டிரைவர் பிரேக்கை மிதித்தார். ஆடு மிரண்டு துள்ளி அண்டாவில் மோதியது. அண்டா கவிழ்ந்தது. பன்னிரண்டு பேரும் ஒருவர்மேல் ஒருவராகச் சாற்றில் உருண்டார்கள்.

நான் இறங்கி ஓடிப்போய்ப் பார்த்தேன். யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. அப்பாடா என்றிருந்தது. முகமூடிகள்தான் ஊறிப் பிய்ந்துவிட்டன.

"சார், நீங்க ஏறுங்க" என்றான் பேச்சியப்பன். "போறதுக்குள்ள செத்த நேரம் பாடம் பாத்துக்கிடுதோம். வேசம் போனாலும் வசனம் மறக்கக் கூடாதுல்லா."

அவனுடைய கடமை உணர்ச்சி என்னை நெகிழவைத்தது. லாரி கிளம்பியது. பின்னால் ஒத்திகையும் ஆரம்பித்தது.

இப்போது நீங்கள் சாலையோரத்தில் நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். திறந்த லாரி ஒன்று வருகிறது. அதில் தலையிலும் மார்பிலும் பேண்டேஜ் சுற்றிய பன்னிரண்டு ஆண்கள், செக்கச்செவேல் என்று நனைந்து, ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து, "எங்களைக் கைவிட்டுவிட்டாயே!" என்று அலறுகிறார்கள். என்ன நினைப்பீர்கள்? எதிரே ராஜபாளையம் போன பஸ்ஸில் இருந்தவர்களும் அதையேதான் நினைத்தார்கள். பஸ் ஊர் போய்ச் சேர்ந்த கொஞ்ச நேரத்தில் 'மில் லாரி கவுந்து பன்னெண்டு பேரு போய்ட்டாங்க' என்று செய்தி பரவிவிட்டது.

ஸ்ரீவில்லிபுத்தூருக்குள் நுழைந்ததும் கூட்டம் லாரியை மறித்தது. ஒரு போலீஸ்காரர் படியில் தொற்றி ஏறி, "ஆஸ்பத்திரிக்கு விடுய்யா!" என்று டிரைவருக்கு வழி காட்டினார்.

"சார், இது நாடகம்! கிரேக்க நாடகம்! அது ரத்தம் இல்ல, திராட்சை!" என்று கத்தினேன்.

அவர் என் தோளைப் பரிவாகத் தட்டினார். "அதிர்ச்சியில பேச்சு கொழறுது. கண்ணை மூடிக்கிட்டுச் சாய்ஞ்சுக்கோங்க தம்பி. எல்லாம் சரியாயிரும்."

ஆஸ்பத்திரி வாசலில் ஆளுக்கு ஒரு கை கொடுத்து இறக்கினார்கள். மாடசாமி மட்டும் போலீஸ்காரரைப் பார்த்ததும், இலைக்கிரீடத்தோடு விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார். ஒரு நர்ஸ் அம்மா பேச்சியப்பனை உட்காரவைத்துக் காயத்தைத் தேடித் துணியைப் பிரிக்க ஆரம்பித்தார். பிரித்தார், பிரித்தார், பிரித்துக்கொண்டே இருந்தார். கடைசியில் உள்ளே பேச்சியப்பன்தான் இருந்தான்.

"எங்கேய்யா அடி?"

"அடியா? அடியெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. மழை கேட்டு அழுதுட்டு இருந்தோம்."

அந்த அம்மா துணியை முகர்ந்து பார்த்தார். பிறகு மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

அப்போது வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. அதிலிருந்து பன்னிரண்டு பேரின் வீட்டுப் பெண்களும் இறங்கினார்கள். அந்தச் சத்தத்தை இன்றைக்கும் என்னால் மறக்க முடியாது. யாரும் சொல்லிக்கொடுக்காமலே ஒரே குரலாக எழுந்து, ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் தொடங்கி, கட்டடத்தையே நடுங்கவைத்த அழுகை. மூன்று வாரம் கேன்டீனில் நான் தொண்டை கிழியச் சொல்லிக்கொடுத்தும் வராத ஒன்று, அங்கே நிஜமாக வந்து நின்றது. நான் கூனிக்குறுகிப் போனேன். அவர்களுக்குப் பின்னால் மேனேஜர். எப்போதும் கம்பீரமாக வருகிறவர், அன்று வேன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகத்தில் ரத்தமே இல்லை.

குருவம்மா கண்களைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். பெஞ்சில் பேச்சியப்பன் உட்கார்ந்து, யாரோ கொடுத்த வாழைப்பழத்தை உரித்துக்கொண்டிருந்தான். ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். அழுதாள். தலை, கை, கால் என்று தடவிப் பார்த்தாள். எல்லாம் சரியாக இருக்கிறது என்று உறுதியானதும் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

மேனேஜர் பன்னிரண்டு பேரையும் விரல் விட்டு எண்ணினார். மறுபடியும் எண்ணினார். பிறகு படியில் உட்கார்ந்துவிட்டார். "ஏமய்யா..." என்று ஆரம்பித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

வேலை போயிற்று, கல்யாணமும் போகும் என்று நின்றிருந்தேன். பின்னாலிருந்து ஒரு குரல்.

"உங்களுக்கு எங்க அடி?"

வசந்தா. போட்டி நடந்த மண்டபத்தில், எங்கள் குழு விபத்தில் சிக்கிவிட்டதாக மைக்கில் அறிவித்திருக்கிறார்கள். செருப்பைக்கூடப் போடாமல் அண்ணனை இழுத்துக்கொண்டு ஓடிவந்திருக்கிறாள். வெயிலில் நடந்த கால் தரையில் நிலைகொள்ளவில்லை.

"எங்கயும் இல்ல" என்றேன். நாங்கள் இருவரும் பேசிக்கொண்ட முதல் வார்த்தைகள் அவைதான்.

அவள் பேண்டேஜ் மனிதர்களைப் பார்த்தாள். மீசை வைத்த கடவுளைப் பார்த்தாள். அவருடைய கிரீடத்தை ஆடு தின்றுகொண்டிருந்தது. புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தவள், அழுகையும் சேர்ந்து வந்ததால் எதை நிறுத்துவது என்று தெரியாமல் திண்டாடினாள். காராச்சேவு மறந்துபோயிருக்கும் என்று எனக்கு நம்பிக்கை வந்தது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. குருவம்மா நேராக என்னிடம் வந்தாள்.

"சார், வழியில வேண்டிக்கிட்டேன். எம் புருசன் உசுரோட இருந்தா, இருக்கன்குடி மாரியாத்தாளுக்கு மொட்டை போடுதேன்னு."

"நல்ல காரியம்மா. பேச்சியப்பனுக்கா?"

"அவிய என்ன தப்பு செஞ்சாவ? கூட்டிட்டுப் போன ஆபீசருக்குன்னுல்லா வேண்டியிருக்கேன்."

இன்னும் ஒரு மாதத்தில் கல்யாணம் என்று கெஞ்சினேன். அடுத்தவர் தலையை எப்படி நேர்ந்துகொள்ளலாம் என்று வாதாடினேன். பன்னிரண்டு குடும்பமும் ஒரே குரலில், சாமி காரியத்தில் விளையாடக் கூடாது என்றது. (நல்ல பயிற்சி பெற்ற குழு.) கடைசி நம்பிக்கையாக மேனேஜரைப் பார்த்தேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுந்தார். "மொட்டை போட்டா வேலை இருக்கு" என்றார்.

வசந்தாவின் அண்ணன் தங்கையைப் பார்த்தார். அவள் என் தலையைக் கொஞ்ச நேரம் யோசனையோடு பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"வேண்டிக்கிட்டா செஞ்சிரணும். போட்டுருங்க."

போட்டேன். முடி நான் எதிர்பார்த்த வேகத்தில் வளரவில்லை. தாலி கட்டக் குனிந்தபோது தலைப்பாகை நழுவி விழுந்த அந்த நொடியில்தான் போட்டோக்காரர் பல்பை அடித்தார். கூடத்துச் சுவரில் அந்தப் படம் முப்பது வருஷத்துக்கு மேலாகத் தொங்குகிறது. மாப்பிள்ளை தலையில் மாலையின் நிழல் விழும் அளவுக்குப் பளபளப்பு.

புதிதாக வருகிறவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு, கல்யாணத்துக்கு முன்னால் வீட்டில் ஏதும் துக்கமா என்று தயங்கித் தயங்கி விசாரிப்பார்கள். நான் விளக்க வாயைத் திறப்பதற்குள் வசந்தா காபியை நீட்டியபடி முந்திக்கொள்வாள். முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இருக்காது.

"துக்கமெல்லாம் இல்ல. அது கிரேக்க நாட்டு வழக்கம்."