குதிரைக் கிராணியாரும் ராணியின் வீங்கிய காலும்

அன்று காலை ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் இருந்த கொட்டகையில் கூடியிருந்தவர்கள்: குதிரைக் கிராணியார், அவர் மனைவி, பந்தயத் திடலிலிருந்து வந்த குதிரை டாக்டர், கிள்ளானிலிருந்து முதல் ரயிலில் வந்திறங்கிய என் வருங்கால மாமனார், கிராணியாரின் பக்கத்து வீட்டுக்காரனான நான், அப்புறம் ராணி. ராணி என்பது குதிரை. எங்களில் கவலையில்லாமல் நின்றது அது ஒன்றுதான். இத்தனைக்கும் கால் வீங்கியிருந்தது அதற்குத்தான்.

குதிரை வைத்திருந்தவர்கள் உலகத்தில் எத்தனையோ பேர். குதிரை வாங்கிய பிறகு நடக்க ஆரம்பித்தவர் ரயில்வே ஆபீசில் குமாஸ்தாவாக இருந்த எங்கள் பிரிக்பீல்ட்ஸ் கிராணியார் ஒருவர்தான். சீமைக்குத் திரும்பிய ஒரு துரையிடம் ராணியை வாங்கினார். சவாரிக்கென்றே பழக்கிய குதிரை. அதுவரை ரிக்‌ஷாவில் ஆபீசுக்குப் போன மனிதர், மறுநாள் முதல் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அதன் பக்கத்திலேயே நடந்தார்.

"ஏறிப் போனா என்னண்ணே?" என்று கேட்டேன்.

"டேய், வெறும் ஆளா மாடிப்படி ஏறினாலே எனக்கு மூச்சு வாங்குது. என்னையும் சுமந்துக்கிட்டு இவங்க மேடு ஏறணுமா?"

மனிதர்களுக்கு 'டேய்', ராணிக்கு 'வாங்க, போங்க.' அவர் கோட்டுப் பையில் எப்போதும் வெல்லக்கட்டி இருக்கும். பாலம், ரயில் சத்தம், எருமைக் கூட்டம் என்று ராணி மிரளும் இடங்களில் ஒரு கட்டி அதன் வாய்க்குப் போகும். தெருப் பிள்ளைகள் கேட்டால் குடையை ஓங்குவார்.

இந்தக் குதிரையில்தான் நான் மாப்பிள்ளை ஊர்வலம் போவதாக மாமனார் கிள்ளான் முழுக்கச் சொல்லிவைத்திருந்தார். அவர் மகளைக் கட்ட எனக்குக் கொள்ளை ஆசை. குதிரை ஏறத்தான் பயம். ஆறாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்குப் பெண் கொடுக்கச் சம்மதித்ததே அந்தக் குதிரைக்காகத்தானோ என்று வேறு பயம்.

அந்த வாரம் பார்த்து விடாத மழை. ராணி வழுக்கி விழுந்துவிடும் என்று கிராணியார் அதை வெளியே விடவில்லை. போரடிக்குமே என்று கூடை கூடையாகக் கொள்ளு வைத்தார். நின்ற இடத்திலேயே நின்று, தின்று, பின்னங்கால் இரண்டும் தூண் மாதிரி வீங்கிவிட்டன. மழை விட்டதும் வெளியே கூட்டிவந்தால், முன்னங்காலில் சரளைக்கல் குத்தி லேசாக நொண்ட ஆரம்பித்தது.

டாக்டர் வீக்கத்தை விரலால் அழுத்தினார், குழி விழுந்தது. காலில் சூடில்லை, சும்மா நின்றதால் நீர் கோத்திருக்கிறது, கொள்ளைக் குறைத்து மண் பாதையில் மெதுவாக நடத்துங்கள் என்றார். முன்னங்கால் தேறும்வரை குளிர்ந்த நீர் ஊற்ற வேண்டும், முதுகில் ஆள் ஏறவே கூடாது.

"என் கால் வீங்கினப்ப ஒரு சொம்புத் தண்ணி ஊத்துனீங்களா?" என்றார் கிராணியார் மனைவி.

"நீ நொண்டலியே!"

மாமனாருக்கு முகம் சிவந்துவிட்டது. "வெள்ளிக்கிழமை கல்யாணம்லா! குதிரை வரலன்னா பொண்ணும் வராது, சொல்லிட்டேன்."

"குதிரை வருவாங்க," என்றார் கிராணியார். "யாரும் ஏறமாட்டாங்க. அவ்வளவுதான்."

அன்றே ஆபீசுக்கு லீவு எழுதிப் போட்டார். பாசார் சந்தைக்கு, முடிவெட்டுக் கடைக்கு, ஆற்றங்கரைக்கு என்று ராணியோடு நடந்தார். என் கல்யாணப் பத்திரிகைகளைக்கூட ராணியோடு போய்த்தான் வீடு வீடாகக் கொடுத்தார். வெள்ளிக்கிழமைக்குள் பின்னங்கால்கள் வற்றிவிட்டன. முன்னங்கால் நொண்டல் மட்டும் மிச்சம்.

மேளம் முழங்க ஊர்வலம் கிளம்பியது. முன்னால் மாலை போட்ட ராணி. ஒரு பக்கம் கிராணியார். மறுபக்கம் தலைப்பாகையும் சரிகை வேட்டியுமாக, கயிற்றைப் பிடித்தபடி நான்.

"மாப்பிள்ளை ஏன் ஏறல?" என்று கிள்ளான் கூட்டத்தில் ஒருவர் கத்தினார்.

"இவங்களுக்குக் கால் வலி. மாப்பிள்ளைக்கு ரெண்டு காலும் நல்லாத்தான் இருக்கு!" என்று கத்தினார் கிராணியார்.

ஒரே சிரிப்பு. மாமனார் மீசை துடித்தது. கல்யாணம் இதோடு நின்றது என்றே நினைத்தேன். அப்போது அவருடைய அக்கா சத்தமாகச் சொன்னார்: "கால் வலிக்குற குதிரை மேலயே ஏற மாட்டேங்குறான். நம்ம பொண்ணு மேல இவன் கை நீட்டுவானா, தம்பி?"

மாமனார் யோசித்தார். மீசை அடங்கியது. பக்கத்தில் இருந்தவரிடம், "நாந்தான் நடந்து வரச் சொன்னேன்," என்றார்.

கோயில் வாசலில் கயிற்றை விட்டதும், படியேறாமல் மிரண்டு நின்றுவிட்டேன். கிராணியார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். கோட்டுப் பைக்குள் கையை விட்டார்.

"வாயைத் திறடா."

வெல்லக்கட்டி. அதில் ராணியின் முடி இரண்டு ஒட்டியிருந்தது. அதோடு சேர்த்தே விழுங்கிவிட்டு உள்ளே போனேன்.