பெட்ரோல் வாசனையோடு வந்த மாப்பிள்ளை

ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த ஆண்பிள்ளைக்கு, ‘தெரியாது’ என்று சொல்ல மட்டும் வாய் வராது. நான் மலேசியாவில், சுங்கைப் பட்டாணியில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுது பார்ப்பவன். (அங்கே கோளாறு என்ன என்பதை இயந்திரமே திரையில் காட்டிவிடும். இதை நான் வெளியில் சொல்லிக்கொள்வதில்லை.)

என் கல்யாணம் பாடாங் செராய் பக்கம், பெண் வீட்டாரின் தோட்டக் கோயிலில். எல்லா மாப்பிள்ளையும்தான் காரில் வருகிறான், நாம் டிராக்டரில் போய் இறங்குவோம் என்று எனக்கு ஓர் ஆசை. தாய்மாமாவிடம் பழைய பெட்ரோல் டிராக்டர் ஒன்று இருந்தது.

“வயசான வண்டிடா. பேசாம கார்லயே போ,” என்றார் மாமா.

“நான் பாத்துக்கிறேன் மாமா.”

காலையில் வண்டிக்குப் பூஜை போட்டேன். விளக்கு, சக்கரம், பெட்ரோல் டாங்கி மூடி என்று கண்ட இடத்திலெல்லாம் சந்தனத்தைக் குழைத்து அப்பி, குங்குமம் வைத்தேன். சந்தன விஷயத்தில் நான் தாராளமானவன்.

முகூர்த்தம் பத்தரைக்குள். பட்டு வேட்டியோடு நானே ஓட்டினேன். மாமா மட்கார்டில் உட்கார்ந்திருந்தார். பின்னால் நாதஸ்வரமும் சொந்தபந்தமும் நடந்து வந்தார்கள். செம்பனைத் தோட்டத்துக்குள் நுழைந்ததும் வண்டி இருமி நின்றது.

டாங்கியைத் திறந்து பார்த்தேன். பெட்ரோல் தளும்பியது. மூடினேன். “பிளக்தான்,” என்று அதைக் கழற்றி, வேட்டி நுனியால் துடைத்து மாட்டினேன். வண்டி கிளம்பியது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

கொஞ்ச தூரத்தில் மறுபடி நின்றது. டாங்கியைத் திறந்து பார்த்து மூடிவிட்டு, “கார்புரேட்டர்,” என்றேன். இரண்டு தட்டு தட்டினேன். ஓடியது. அதற்கடுத்து நின்றபோது, பிளக் ஒயரைக் கையில் பிடித்துக்கொண்டு மாமாவை ஸ்டார்ட் பண்ணச் சொன்னேன். (கரண்ட் வருகிறதா என்று பார்க்க வேண்டாமா? வந்தது.) தலைப்பாகை போய் வாய்க்காலில் விழுந்தது.

மணி பத்தைத் தாண்டிவிட்டது. கார் அனுப்பட்டுமா என்று கேட்ட பெண் வீட்டாரிடம் வீறாப்பாக வேண்டாம் என்றிருந்தேன். மணப்பெண் தேன்மொழியின் அம்மா இந்தச் சம்பந்தத்துக்கு அரை மனதோடுதான் சம்மதித்திருந்தார். முகூர்த்தம் தவறினால் அந்த அரை மனமும் போய்விடும். உண்மையாகவே பயந்துவிட்டேன். அப்போது கைப்பேசி அடித்தது. மணமேடையிலிருந்து தேன்மொழி.

“எங்க இருக்கீங்க?”

“பிளக், கார்புரேட்டர் எல்லாம் பாத்துட்டேன். டாங்கிய தொறந்து பாத்தா ஓடுது. மூடிட்டு போனா கொஞ்ச தூரத்துல நின்னுருது.”

“அப்ப மூடாமலே வாங்க லா.”

ஒரு கையில் மூடி, ஒரு கையில் ஸ்டியரிங். அதன்பிறகு வண்டி நிற்கவே இல்லை. ஆனால் ஒவ்வொரு பள்ளத்திலும் பெட்ரோல் எகிறி என் மடியில் கொட்டியது. கோயில் வாசலில் மூடியை வாங்கித் திருப்பிப் பார்த்த மாமா, “அலாமாக்,” என்று தலையில் அடித்துக்கொண்டார். “காத்து போற ஓட்டைடா இது. இதையா சந்தனம் வச்சு அடச்ச? காத்து உள்ள போனாதானே பெட்ரோல் கீழ எறங்கும்.”

மணமேடையை நெருங்கியதும் ஐயர் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்துவிட்டார். “ஓமத் தீ எரியுது. மாப்பிள்ளை அங்கயே நிக்கட்டும்.”

முகூர்த்தம் முடியச் சில நிமிடங்களே இருந்தன. அத்தை, அதாவது தேன்மொழியின் அம்மா, கோயிலை ஒட்டியிருந்த வீட்டுக்குள் போனார். மாமனாரின் நீலக் கட்டம் போட்ட கைலியோடு வந்தார். “இத கட்டிக்கிட்டு வந்து தாலிய கட்டுங்க தம்பி.”

மேலே பட்டுச் சட்டை, கீழே கைலி. தாலி கட்டும்போது தேன்மொழி தலையைக் குனிந்துகொண்டு குலுங்கினாள். அழுகிறாள் என்று நினைத்தேன்; சிரிப்பு. பின்னால் அத்தையும் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும்தான் எனக்கு உயிர் வந்தது.

இப்போது அத்தை வீட்டில் எந்தக் கல்யாணம் நடந்தாலும், பழத்தட்டு, பூத்தட்டு வரிசையில் ஒரு தட்டில் நீலக் கட்டம் போட்ட கைலியும் போகும். சமீபத்தில் பாக்கார் ஆராங்கில் என் கொழுந்தியாள் கல்யாணத்தில், மாப்பிள்ளையின் பெரியம்மா அதைப் பார்த்து, “இது என்ன முறைங்க?” என்று கேட்டார்.

“எங்க குடும்பத்து முறை,” என்றார் அத்தை, முகத்தில் சிரிப்பே இல்லாமல். “மூத்த மாப்பிள்ளை ஆரம்பிச்சு வச்சது.”

புது மாப்பிள்ளை பயபக்தியோடு கைலியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.